முந்திக்கொள்ளும் கை

அக்கா வலது கையில் வளையல் போடமாட்டாள். போட்டால் உடைந்துவிடும். யாரையாவது அடிக்கும்போது கண்ணாடி வளையல் உடைந்து அவள் மணிக்கட்டிலேயே குத்தியிருக்கிறது. அந்தத் தழும்புகளை வெயிலில் பார்த்தால் வெள்ளை நூலை ஒட்டி வைத்தது போல இருக்கும். தமிழ்நாட்டில் அப்போது ஓர் இயங்குதளத்தின் கெர்னலைத் திறந்து, படித்து, திருத்தி, மறுபடி மூடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒருத்தி இருந்தாள். அவள் அடிப்பாள்.

நான் படிப்பை முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கம்பெனி என்றால் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். யூரியா வாடை எங்கள் துணியில் ஏறி வீடுவரை வரும். மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளத்தை மில்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் போட்டுக் கொடுப்பது தொழில். திரையில் தெரிகிற பகுதிகள் என் வேலை. அதற்கு அடியில் நினைவகத்தையும் வட்டையும் செயலியையும் பங்கிட்டுக் கொடுக்கும் கெர்னல் அக்காவின் வேலை. கூடப் பிறந்தவள் இல்லை, மாடியில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

சேர்ந்த அன்றைக்கே அடி வாங்கினேன். அசையாமல் நின்றுவிட்ட ஒரு கம்ப்யூட்டரை அணைத்துப் போடலாம் என்று சுவிட்சுக்குக் கை கொண்டுபோனேன். மணிக்கட்டில் சுரீர் என்று விழுந்தது.

"செத்துக் கெடக்கா, ஒறங்குதான்னு பாக்காம தலையில தண்ணி ஊத்துவியாட்டி?"

சொல்லிவிட்டு அவள் மானிட்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். படம் நேரானது. நான் அவளையே பார்த்தேன்.

"நான் தட்டலாம். எங்கன தட்டணும்னு எனக்குத் தெரியும்."

எதையும் வகைப்படுத்தி வைப்பது என் சுபாவம். அவள் அடிகளையும் அப்படித்தான் வைத்திருந்தேன். விரல் கணுவால் தலையில் குட்டினால் பிரியம். முதுகில் உள்ளங்கை விழுந்தால் பாராட்டு. அன்று முழுக்க நிமிர்ந்து உட்கார முடியாது. புறங்கை என்றால் எச்சரிக்கை. விரல்கள் மடங்கி முஷ்டியானால் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த அட்டவணையை ஒருநாள் அவளிடமே சொன்னேன். சிரித்துவிட்டு முதுகில் அடித்தாள். எந்த வகை என்று கேட்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது கோபம் இல்லை. கோபக்காரர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அக்கா கோபம் வருவதற்கு முன்பே அடித்துவிடுவாள். அவளுக்குக் காத்திருக்க வராது.

ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டு போனோம். எனக்குப் பின்னால் நின்ற ஆளின் கை கம்பியிலிருந்து இறங்கி என் இடுப்புப் பக்கம் வரத் தொடங்கியது. தொடங்கியது, அவ்வளவுதான். அக்காவின் எவர்சில்வர் டிபன் கேரியர் அந்த விரல்களின் மேல் இறங்கியது. எலும்பு முறியும் சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரித்தான் இருந்தது. ஆள் கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கேரியரின் மூடி திறந்து சாம்பார் அவன் தலைமேலேயே ஒழுகியது. கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"எம்மா, இந்த ஆளு என்ன பண்ணினாரு?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல."

"பொறவு எதுக்கு அடிச்சிய?"

"பண்ணின பொறவு அடிச்சா, பண்ணினது பண்ணினதுதான?"

கண்டக்டர் மறுபடி விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார்.

அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்பதை அவளே ஒருநாள் மத்தியானம் சொன்னாள். கேட்காமலேதான் சொன்னாள், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே. அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்திருந்தது. காபி ஆறிப்போயிருந்தது என்று அவன் அடித்தான். அடுத்த வாரம் காபி சூடாக இருந்தது என்று அடித்தான். பல் ஒன்று போன அன்றைக்குத்தான் அவள் அடுப்படிக் கிடுக்கியை எடுத்தாளாம். அவனுக்குத் தோளெலும்பு ஒன்றுசேர நெடுநாள் ஆயிற்று என்று கேள்விப்பட்டாளாம்.

"ஊர்ல எல்லாரும் நான் கிடுக்கிய எடுத்ததுதான் தப்புங்காவ. எங்க பாதிரியாரும் அப்படித்தான் சொன்னாரு. தப்பு அது இல்லட்டி. மொத அடிய அவன் அடிக்க உட்டேன் பாத்தியா, அதான் தப்பு. முந்தியிருக்கணும்."

சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். கடைவாயில் பல் இல்லாத இடத்தை அப்போதுதான் பார்த்தேன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில் எங்களுடைய வாடிக்கை. வாசலுக்கு இடமும் வலமுமாக இரண்டு எடைமேடைகள். லாரி இரும்புத் தகட்டில் ஏறி நின்றால் எடை கம்பி வழியாக உள்ளே கம்ப்யூட்டருக்கு வரும், அது சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். மேடைக்கு ஒரு நிரல் என்று இரண்டு நிரல்களை எழுதியது நான். மில் முதலாளி வெளியூரில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, இரண்டு செயலிகள் உள்ள கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று வாங்கியிருந்தார். நினைவகத்தில் மட்டும் சிக்கனம் பிடித்துவிட்டார்.

பங்குனியில் பிசான நெல் அறுப்பு வந்ததும் அது நிற்க ஆரம்பித்தது. திரையில் இருந்தது இருந்தபடி இருக்கும். எந்த விசையைத் தட்டினாலும் பதில் இல்லை. கம்ப்யூட்டர் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் அதற்குப் பின்னால் ஊர் எல்லைவரை லாரிகள் நிற்கும். சுமைக்காரர்கள் ஆளுக்கொரு கொக்கி வைத்திருப்பார்கள், மூட்டையில் குத்தி இழுக்கிற கூரான இரும்புக் கொக்கி. ஆற்றுக்கு இக்கரைக்காரர்கள் ஒரு மேடையிலும் அக்கரைக்காரர்கள் ஒரு மேடையிலும் வேலை பார்த்தார்கள். யார் லாரி முந்தி என்ற சண்டை பங்குனி வெயிலில் காலையிலேயே ஆரம்பித்துவிடும். ஒருநாள் ஒரு டிரைவரின் காது கொக்கியில் கிழிந்து தொங்கியது. மில் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"எம்மா, இங்கன ஒரு காது போய்ட்டு. அடுத்த தடவ நின்னா தலை போவும். வாரியளா, இல்ல மிஷினத் தூக்கி ஆத்துல போடட்டா?"

போனோம். என்ன நடக்கிறது என்பதை அக்கா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரின் நினைவகம் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரிந்திருக்கும். இடம் போதாதபோது கெர்னல் சும்மா கிடக்கும் பக்கத்தை வட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்கும். அனுப்பியது தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரும். செயலி ஒன்றாக இருந்தால் குழப்பமில்லை. இரண்டாக இருந்தால், ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதை மற்றது தொடாமலிருக்கப் பூட்டுகள் வேண்டும். எந்தப் பக்கம் காலி என்ற பட்டியலுக்கு ஒரு பூட்டு. எந்தப் பக்கம் எந்த நிரலுக்குச் சொந்தம் என்ற வரைபடத்துக்கு ஒரு பூட்டு. பக்கத்தை வெளியே அனுப்பும் செயலி, பட்டியல் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடப் பூட்டுக்காக நிற்கும். பக்கத்தை உள்ளே கொண்டுவரும் செயலி, வரைபடப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியல் பூட்டுக்காக நிற்கும். இரண்டும் கையில் இருப்பதை விடாது. வெளியே இருந்து பார்த்தால் மிஷின் செத்துக் கிடக்கும்.

"ரெண்டு பயலும் ஒருத்தன் சட்டைய ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு, நீ மொதல்ல விடு, நீ மொதல்ல விடுங்கான்" என்றாள் அக்கா. "விடமாட்டான். எவனும் விடமாட்டான். ஒருத்தன் அடிச்சுப் பிடுங்கணும்."

அப்படியே எழுதினாள். பூட்டுக்காக நிற்கும் செயலி கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கும். கிடைக்காவிட்டால் மற்றதன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சில வரிகள்தான். நான் பக்கத்தில் நின்று படித்துவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"அக்கா, இதுல ஆபத்து இருக்கு. ஒண்ணு, பிடுங்கினது அந்தச் செயலிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். ரெண்டு, பாதி எழுதின பட்டியல மத்தது முழுசுன்னு நெனச்சுப் படிக்கும். மூணு, ஒரே பக்கம் ரெண்டு நிரலுக்கும் போயிரும். இவன் எடை அவன்கிட்ட..."

முடிக்கவில்லை. அவள் என் மூன்றாவது விரலைப் பிடித்து முறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மிஷின் நிக்காம ஓடணும். அதான கேட்டான்?"

"தப்பா ஓடுததுக்கு நிக்கதே மேல் அக்கா."

"நின்னா வெட்டிக்கிடுவானுவ. நீ போயி நடுவுல நிப்பியா?"

நிற்கமாட்டேன். அதனால் அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டேன். விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போயிற்று. மிஷின் நிற்கவில்லை. லாரிகள் ஓடின. மேனேஜர் எங்கள் மாடிக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பி வைத்தார். அக்கா என்னைப் பார்த்து, "எங்கட்டி ஒன் மூணாவது வெரல்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

அறுப்பு முடியும் தறுவாயில் ஒருநாள் காலையில் மிஷினை வழக்கம்போலப் பார்த்துவிட்டு வரப் போனோம். மில் வாசலில் கூட்டம். இடதுபக்க எடைமேடையின் இரும்புக் கம்பத்தில் ஓர் ஆளைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அக்கரைச் சுமைக்காரர்களின் மேஸ்திரி, சுடலைமுத்து. உதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கண் மூடியே போயிருந்தது. மில் ஆட்கள் நாலைந்து பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கையில் லாரி எஞ்சினிலிருந்து கழற்றிய ரப்பர் பட்டா.

"களவாணிப் பய" என்றார் மேனேஜர். "ஏத்துன எடத்துல ஒரு எடை, இங்கன ஒரு எடை. பாதி லோட வழியிலேயே எறக்கியிருக்கான்."

நெல்லை இறக்கிக் குவியலோடு கலந்த பிறகுதான் அலுவலகத்தில் சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். திரும்ப நிறுக்க வழியில்லை.

"நான் எடுக்கலவே" என்றார் சுடலைமுத்து. வாய்க்குள் ரத்தம் இருந்ததால் சொற்கள் குழைந்து வந்தன. "எம்புள்ள மேல சத்தியமா எடுக்கல."

"அப்ப கம்ப்யூட்டரு பொய் சொல்லுதா?"

பட்டா மறுபடி விழுந்தது. அக்கா திரும்பி என் கையைப் பார்த்தாள். என் மூன்றாவது விரலை. பிறகு கூட்டத்துக்குள் புகுந்தாள். பட்டா வைத்திருந்தவனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, கீழே விழுந்த பட்டாவை மேடைக்கு அடியில் உதைத்துத் தள்ளினாள்.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லும் அண்ணாச்சி. நான் சொல்ல வச்சிருக்கேன்."

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு நம்பவில்லை. "ஆளக் காப்பாத்த கத விடாத எம்மா. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாச்சு."

"அண்ணாச்சி, அக்கரைக்கும் சேதி போய்ட்டு" என்றான் வாட்ச்மேன். "டிராக்டர்ல கெளம்பிட்டானுவளாம். அருவாளோட."

யார் முதலில் வந்தாலும் சுடலைமுத்துவுக்குக் கெடுதிதான். போலீஸ் வந்தால் களவுக் கேஸ். ஊர்க்காரர்கள் வந்தால் வெட்டு, முதல் வெட்டு விழுந்ததும் கம்பத்தில் கட்டிக் கிடப்பவரை யாரும் உயிரோடு விடமாட்டார்கள். அக்கா சொன்னாள்: "உம்ம கண்ணு முன்னாடி அத இன்னொரு தடவ பொய் சொல்ல வைக்கேன். பொறவு அவர அவுத்து விடணும்."

"காட்டு. எவனாவது வாரது வரைக்கும் காட்டு. காட்டலன்னா ஒன்னையும் அந்தக் கம்பத்துலயே கெட்டுதேன்."

இடது மேடையில் நெல் ஏற்றிய லாரியை நிறுத்தச் சொன்னாள். வலது மேடையில் காலி லாரி. நினைவகத்தில் இடம் இல்லாமல் போவதற்காக, வருஷக் கணக்குப் போடும் பெரிய நிரலைப் பின்னால் ஓடவிட்டாள். இரண்டு மேடைக்கும் ஒரே நேரத்தில் நான் விசையைத் தட்ட வேண்டும். செயலிகள் இரண்டும் மோதிக்கொண்டால் பிடுங்கல் நடக்கும். பிடுங்கல் நடந்தால் எடை மாறலாம். மாறலாம், அவ்வளவுதான். இந்த மாதிரித் தப்பு கூப்பிட்டவுடன் வராது.

தட்டினேன். சீட்டு இரண்டும் சரியாக வந்தன. மறுபடி தட்டினேன். சரி. மறுபடி. வாசல் பக்கம் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"பாத்துக்கிடுங்க, கோட்டிக்காரி பூசாரி மாதிரி மிஷினுக்கு மந்திரம் போடுதா."

மறுபடி. சரி. அக்கா என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் வலது கை மேசைமேல் இருந்து எழுந்தது. விரல்கள் மடங்கின. அவள் கண் மானிட்டரின் பக்கவாட்டில் இருந்தது, எப்போதும் தட்டும் இடத்தில்.

"அக்கா, தட்டாதீங்க" என்றேன். "தட்டினா, அடிச்சதுலதான் கெட்டுப்போச்சும்பாங்க. அவரு கம்பத்துலயே கெடப்பாரு."

அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை இறக்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சின்னப் பிள்ளைகளைத்தான் பள்ளிக்கூடத்தில் அப்படி உட்காரச் சொல்வார்கள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். சரி. சரி. வெளியே சுடலைமுத்து தண்ணீர் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. தூரத்தில் பாலத்துப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்பது போல இருந்தது, பிறகு கேட்கவில்லை. அக்கா உதட்டைக் கடித்திருந்தாள். மறுபடி தட்டினேன்.

வலதுபக்க அச்சுப்பொறி சீட்டைத் துப்பியது. அக்கா அதைக் கிழித்து மேனேஜரிடம் நீட்டினாள். காலி லாரிக்கு, நெல் ஏற்றிய லாரியின் எடை. ஒரு கிலோ வித்தியாசம் இல்லை.

மேனேஜர் சன்னல் வழியாகக் காலி லாரியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி லாரியைப் பார்த்தார். அதன் திறந்த பின்பக்கத்தில் ஒரு காக்கை நின்றுகொண்டிருந்தது.

"அவுத்து விடுங்கலே" என்றார்.

கயிறு ரத்தத்தில் இறுகிப் போயிருந்தது. அக்கா ஒரு கொக்கியைப் பிடுங்கி முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். கட்டு அவிழ்ந்ததும் சுடலைமுத்து கொஞ்ச நேரம் கம்பத்திலேயே சாய்ந்து நின்றார். "இந்த மிஷினு வேல பாத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான். தப்பு என்னுது" என்றாள் அக்கா.

அவர் அறைந்தார். கட்டுண்டு மரத்துப்போன கையாலேயே, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து. அக்காவின் தலை திரும்பிக் கம்பத்தில் இடித்தது. நான் அவள் வலது கையைத்தான் பார்த்தேன். அது எழுந்தது. பாதி வழி வந்தது. பிறகு தன் கன்னத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

"இன்னொண்ணு அடிக்கணும்னா அடிச்சிரும்" என்றாள். "பொறவு நான் உள்ள போவணும். வேல கெடக்கு."

அதற்குள் டிராக்டர் வாசலில் வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே ஒரு கல் பறந்து வந்து அலுவலகச் சன்னலை உடைத்தது. மேனேஜரின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. ஆட்கள் அரிவாளோடு குதித்தார்கள். மில் ஆட்கள் கொக்கிகளை எடுத்தார்கள். சுடலைமுத்து நொண்டிக்கொண்டே போய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றார்.

"ஏலே, நில்லுங்கலே! எவனாவது ஒரு எட்டு முன்ன வச்சா கால ஒடிப்பேன். முடிஞ்சுட்டு."

"யாருண்ணே ஒன்னைய இப்படி ஆக்கினது?"

"கம்ப்யூட்டரு. அத நான் அடிச்சுட்டேன்."

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே நின்றார்கள். அப்புறம் வந்த போலீஸ் ஜீப்புக்கு மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து, நெற்றியைத் துண்டால் மூடிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்.

உள்ளே போனதும் அக்கா முதலில் தன் வரிகளை அழித்தாள். உடைந்த கண்ணாடி நாற்காலி மேலெல்லாம் கிடந்தது, அதைத் தட்டிவிடக்கூட இல்லை. பிறகு நான் சொல்லச் சொல்லக் கேட்டாள், விரலை முறுக்காமல். பூட்டுகளுக்கு ஒரு வரிசை வேண்டும். யாராக இருந்தாலும் முதலில் வரைபடம், அப்புறம் பட்டியல். பக்கத்தை வெளியே அனுப்பும் செயலிக்கு அந்த வரிசை சில இடங்களில் ஒத்துவராது. பட்டியலைப் பார்த்த பிறகுதானே பக்கம் யாருடையது என்று அதற்குத் தெரியும். அப்போது அது வரைபடப் பூட்டை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் கையில் இருப்பதையும் விட்டுவிட்டு வேறு பக்கத்துக்குப் போகட்டும்.

"கையில இருக்கதயும் விட்டுட்டா?" என்றாள்.

"ஆமாக்கா."

"தோத்துப்போன மாதிரில்லா இருக்கு."

எழுதினாள். அந்த ஒரு வரியை எழுதும்போது மட்டும் ஒவ்வொரு விசையாகத் தேடித் தட்டினாள். கெர்னலைத் திரும்பக் கட்டிமுடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தபோது மில் சமையலம்மா கொடுத்த மோர் டம்ளரை அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"லாரியெல்லாம் வேண்டாம்" என்றார் சுடலைமுத்து. ஈரத் துண்டை முகத்தில் ஒற்றியபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டும் வீட்டுக்குப் போகவில்லை. "நான் இங்கன ஏறுதேன். அவ அங்கன ஏறட்டும். என் எடை எனக்கு வருதா, அவ எடை அவளுக்குப் போவுதான்னு பாப்போம். செருப்பக் கழட்டிட்டு ஏறு தாயி. நெறை சுத்தமா இருக்கணும்."

அக்கா செருப்பைக் கழற்றினாள். அவரும் கழற்றினார், ஆனால் அவர் மேடைக்கு மேலே தகரக் கூரையின் நிழல் இருந்தது. வலது மேடை, காலி லாரியை எடுத்ததிலிருந்து திறந்த வெயிலில் கிடந்தது. நான் கணக்கு நிரலை ஓடவிட்டு, இரண்டு விசைகளையும் ஒன்றாகத் தட்டினேன்.

மிஷின் நிற்கவில்லை. ஆனால் நினைவகம் நெருக்கமாக இருந்தது, புது வரிசை அதன் முறைப்படிதான் நடந்தது. அவருடைய சீட்டு முதலில் வந்தது. அவர் எடை. அவளுடையது வரவில்லை. வட்டு கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் வரலியாட்டி?" என்று உடைந்த சன்னல் வழியாகக் கேட்டாள்.

"வரும் அக்கா. உங்க முறை வரட்டும். அசையாதீங்க."

அவள் அசையவில்லை. கைகள் இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒரு காலில்கூடச் சாயாமல், இரும்புத் தகட்டின் நடுவில் நேராக நின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு வலதுபக்க அச்சுப்பொறி கீச்சென்றது. நான் சீட்டைச் சுடலைமுத்துவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அவர் அதைப் படித்தார்.

"அறுவது கிலோ. இவ்ளோதானா? இவளக் கண்டா ஊரே பயப்படுது, ஒரு மூட்டைக்குக் காணாது." இரண்டு சீட்டையும் மடித்து மடியில் செருகிக்கொண்டார். "சரிதான். என்னுது எனக்கு, அவளுது அவளுக்கு. லாரிய விடச் சொல்லும் அண்ணாச்சி."

அக்கா உடனே இறங்கவில்லை. "வரிசை தப்பாம வந்துதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வந்தது."

அதற்குப் பிறகுதான் அந்த மேடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மற்றதை. உள்ளங்கால் இரண்டும் வெந்து, கொப்புளம் கட்ட ஆரம்பித்திருந்தது.